கெட்ட பெயர் எடுத்த ஐபி

அனுப்பிய மெயில் போய்ச் சேராமல் திரும்பினால் கூடவே ஒரு குறிப்பும் வரும். பாதி எண்கள், பாதி விறைப்பான ஆங்கிலம். அதைப் படிப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் அதை அழித்துவிட்டு அதே மெயிலை மறுபடி அனுப்புவார்கள், அதுவும் திரும்பும், பிறகு எனக்குப் போன் செய்வார்கள். கோவையில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகள் சிலவற்றுக்கும் ஓரிரு கல்லூரிகளுக்கும் மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது என் தொழில். போனை எடுத்ததும் நான் சொல்வது இதுதான்: "திரும்பி வந்ததை அப்படியே எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாங்க." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், முக்கியமான வரி மட்டும் வெட்டுப்பட்ட படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

அந்தக் குறிப்பில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா' என்று பொருள். நம் சர்வரே மறுபடி முயன்று பார்க்கும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 550க்குப் பின்னால் சில சமயம் 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று இருக்கும். சில சமயம் 'உங்கள் ஐபி முகவரி இன்ன பட்டியலில் இருக்கிறது' என்று பட்டியலின் பெயரும், காரணத்தைப் பார்க்க ஓர் இணைப்பும் இருக்கும். இந்த இரண்டாவது ரகம் வந்தால்தான் 'நம்மள பிளாக் பண்ணிட்டாங்க' என்று அலுவலகமே பரபரக்கும்.

ஏன் ஐபியைப் பிடிக்கிறார்கள்? மெயிலில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறையில் அதைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. அன்றைய கணினி வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்; பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆனால் மெயிலைக் கொண்டுவந்து தரும் சர்வர் தன் ஐபி எண்ணைப் பொய்யாகச் சொல்லிவிட முடியாது. பதில் அந்த எண்ணுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் பேச்சே தொடராது. ஆகவே தப்பு யார் செய்தாலும் பெயர் கெடுவது ஐபிக்கு.

திருப்பூரில் ஒரு கம்பெனி. ஜெர்மனிப் பையருக்கு மெர்ச்சண்டைசர் அனுப்பிய பேக்கிங் லிஸ்ட் திரும்பி வந்துவிட்டது. சரக்கு தூத்துக்குடி போய்விட்டது, பேப்பர் போகவில்லை. முதலாளி கோபமாகவே ஆரம்பித்தார். "ஏனுங்க அம்மிணி, நாம என்ன திருட்டு யாவாரமா பண்றோம்? நம்ம மெயிலுக்கு மட்டும் எதுக்குங்க இந்த மரியாதை?"

சர்வருக்குள் போய் மெயில் வரிசையைப் பார்த்தேன். வெளியே போகக் காத்திருக்கும் மெயில்கள் அந்தக் கம்பெனியில் எந்நேரமும் நாலைந்துதான் இருக்கும். அன்று ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. எல்லாம் அக்கவுண்ட்ஸ் பிரிவுப் பெண்ணின் பெயரில். பிரேசிலுக்கும் போலந்துக்கும், முன்பின் தெரியாதவர்களுக்கு, 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று. அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். லாகின் பதிவில் பார்த்தால் ஒரே இரவில் வெவ்வேறு கண்டங்களிலிருந்து அவர் பெயரில் உள்ளே வந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு, கம்பெனி பெயருக்குப் பின்னால் 123.

ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு இப்படி ஒரு சர்வர் கிடைப்பது பெரிய வரம். பல வருடமாக ஒழுங்காக இன்வாய்ஸும் ஆர்டரும் மட்டுமே அனுப்பி நல்ல பெயர் எடுத்த ஐபி. அந்த நல்ல பெயரைத்தான் அவன் திருடுகிறான். சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். அவனுக்கு அது போதும், அடுத்த சர்வருக்குப் போய்விடுவான்.

முதலாளிக்கு உடனே பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாக வேண்டும். அவசரம் புரிகிறது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கணக்கை முடக்கினேன். குவிந்து கிடந்த மெயில்களை அழித்தேன். பாஸ்வேர்டு மாற்றம், வெப்மெயிலுக்கு ஓடிபி, யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயிலுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு. அந்த உச்சவரம்பு ஒன்று முன்பே இருந்திருந்தால் திருடன் முதல் மணி நேரத்திலேயே சலித்துப்போயிருப்பான். கம்பெனியின் சர்வரை முன்பு அமைத்துக் கொடுத்தவர்கள் அதற்குப் பூட்டே போடாமல் விட்டிருந்தார்கள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் விடுவிப்புக் கோரிக்கைப் படிவத்தைத் தொட வேண்டும். ஓட்டை அடைபடும் முன்பே விண்ணப்பித்தால் காலையில் எடுப்பார்கள், மாலைக்குள் மறுபடி சேர்த்துவிடுவார்கள். அடுத்த முறை கேட்கும்போது நம் வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

பட்டியல் என்றால் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம் தடை உத்தரவு போடுகிறது என்று நினைக்கிறார்கள். பட்டியல் எதையும் தடுப்பதில்லை. அது கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். உங்கள் சர்வரின் ஐபி 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம். உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் எண் இது, யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் ஜெர்மனிக்காரரின் சர்வரைத் தொட்டதும், அது உங்கள் எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, 45.113.0.203 என்று எழுதி, பின்னால் பட்டியலின் டொமைன் பெயரை ஒட்டி, டிஎன்எஸ்ஸில் ஒரு கேள்வி கேட்கும். வலைத்தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவதற்கு இருக்கும் அதே டிஎன்எஸ்தான். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வந்தால் நீங்கள் பட்டியலில் இல்லை. 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் இருக்கிறீர்கள். கடைசி இலக்கம் மாறினால் காரணமும் மாறும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடியும். அதற்குப் பிறகு மெயிலை வாங்குவதா, திருப்புவதா, ஸ்பேம் பெட்டியில் போடுவதா என்பது முழுக்க அந்த ஜெர்மனிக்காரரின் முடிவு.

இந்த யோசனை 1997 வாக்கில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. டிஎன்எஸ் மென்பொருளில் பெரும்பங்கு வகித்த பால் விக்ஸியும் டேவ் ராண்டும் தங்கள் நெட்வொர்க்கில் எந்த ஐபிகளிலிருந்து எதையும் வாங்குவதில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். நண்பர்கள் 'எங்களுக்கும் கொடுங்கள்' என்று கேட்கவே, அது பொதுவானது. அடுத்த வருடம், 1998இல், லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பேம்ஹவுஸைத் தொடங்கினார். இன்று அதன் முகவரி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள அண்டோரா. எனக்கு வரும் திரும்பிய மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் அதுதான்.

பட்டியலில் இடம்பிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 2006இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 'இ360 இன்சைட்' என்ற மெயில் விளம்பர நிறுவனம் ஸ்பேம்ஹவுஸ் மீது வழக்குப் போட்டது. பிரிட்டனில் இருக்கும் எங்கள் மேல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஸ்பேம்ஹவுஸ் வழக்கிலிருந்து ஒதுங்கிவிட, ஒருதலைப்பட்சமாக 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று நடந்து 2010இல் அது 27,002 டாலராகச் சுருங்கியது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் குறைத்து, பெயருக்கு 3 டாலர் என்று முடித்து வைத்தது. நீதிமன்றத்தில் முடியாததை ஆள்பலத்தால் முடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2013 மார்ச்சில் ஸ்பேம்ஹவுஸின் மேல் விநாடிக்கு 300 ஜிகாபிட் அளவுக்குப் போலிப் போக்குவரத்தைக் கொட்டினார்கள். அதுவரை பகிரங்கமாகத் தெரிந்த தாக்குதல்களில் அதுவே பெரிது என்று அன்றைய செய்திகள் எழுதின.

இந்தப் பட்டியல்காரர்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு, பக்தி கிடையாது. எல்லாப் பட்டியலும் ஒரே தரம் அல்ல. ஸ்பேம்ஹவுஸிலேயே பல கிளைகள். எஸ்பிஎல் என்பது தெரிந்தே ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கு. அதில் விழுந்தால் நீங்கள் நேரடியாகக் கேட்டுப் பயனில்லை, ஐபியை உங்களுக்குக் கொடுத்த நிறுவனம்தான் பேச வேண்டும். எக்ஸ்பிஎல் வைரஸ் புகுந்த, ஹேக் செய்யப்பட்ட கணினிகளுக்கு. பிபிஎல் குற்றப் பட்டியலே அல்ல. வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளின் ஐபிகளிலிருந்து யாரும் நேராக மெயில் அனுப்பத் தேவையில்லை என்று இன்டர்நெட் நிறுவனங்களே சொல்லி எழுதிக் கொடுத்த எண் வரிசைகள் அதில் இருக்கின்றன. இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அலுவலக ஜெராக்ஸ் மெஷின். 'ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பு' என்ற வசதியை ஆன் செய்துவிட்டு, மெஷினை நேராக வெளியுலகத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அது பிராட்பேண்ட் ஐபியிலிருந்து போய் அடிபட்டுத் திரும்பும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதவே வேண்டாம். மெஷினில் கம்பெனி மெயில் சர்வரின் பெயர், 587 என்ற போர்ட், ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டால் தீர்ந்தது.

ஸ்பேம்காப் பட்டியலில் புகார் வருவது நின்று 24 மணி நேரமானால் பெயர் தானாக நீங்கிவிடும். பொறுமை போதும். யூசிஇபுரொடெக்ட் என்று இன்னொன்று. அதன் மூன்றாம் நிலை, ஒரு நெட்வொர்க்கில் சிலர் கெட்டவர்களாக இருந்தால் நெட்வொர்க் மொத்தத்தையும் சேர்த்துவிடும். நாம் ஒன்றும் செய்திருக்க மாட்டோம், அதே கிளவுட் நிறுவனத்தில் எங்கோ ஒருவன் செய்திருப்பான். பெயர் தானாக நீங்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள் பணம் கட்டிச் சீக்கிரம் வெளியே வரலாம் என்றும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பட்டியல் போடுகிறவனே எடுப்பதற்குக் காசு வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் யாரையும் கட்டவிட்டதில்லை. பெரிய மெயில் நிறுவனங்கள் அதைப் பார்த்து மெயிலைத் தடுப்பதில்லை. அதனால் அந்தப் பட்டியலில் இருந்தும் மெயில் சிக்கலில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஸ்பேம்ஹவுஸில் விடுவிப்புக்குக் கட்டணமே கிடையாது. 'எழுபது பட்டியலிலிருந்தும் எடுத்துத் தருகிறோம், இவ்வளவு ரூபாய்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

பட்டியல்களுக்கும் சறுக்கும். 2021 ஜனவரி கடைசியில் ஸ்பேம்காப்பின் டொமைன் பதிவு காலாவதியாகிவிட்டது. அதன் பெயரில் எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு விளம்பரப் பக்கத்தின் எண் பதிலாக வர, பதில் வந்தாலே 'பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்ட சர்வர்கள் உலகத்தையே ஸ்பேமராக்கி மெயில்களைத் திருப்பின. நம் பக்கத்திலும் இதே போல ஒன்று நடக்கிறது. கூகிளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக யாராவது கேட்டால் ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். 'இப்படிக் கேட்காதே' என்பது அதன் பொருள். இலக்கத்தைப் பார்க்காத சர்வர் அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டு, வருகிற மெயிலை எல்லாம் நிறுத்திவிடும். ஒரு கம்பெனிக்கு ஒரு நாள் முழுக்க ஒரு மெயிலும் வராமல் போனால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

புதிய சர்வர் வாங்கினால் ஐபியும் புதியதாக இருக்கும் என்று நம்புவது இன்னொரு ஏமாற்றம். இந்த நான்கு துண்டு எண்களின் மொத்தக் கையிருப்பே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதியில் 2011இலேயே கடைசித் தொகுப்பைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே வாடகைக்கு வருவது பெரும்பாலும் யாரோ பயன்படுத்தி விட்டுப் போன எண். புது சிம் போட்ட மறுநாளே, முன்பு அந்த நம்பரை வைத்திருந்தவர் கட்டாத கடனுக்கு வசூல்காரர்கள் நமக்குப் போன் செய்வார்களே, அந்தக் கதைதான். சர்வர் கைக்கு வந்ததும் நான் வேறு எதையும் நிறுவுவதற்கு முன் அதன் ஐபியைப் பட்டியல்களில் தேடிப் பார்ப்பேன். அழுக்காக இருந்தால் மாற்றித் தரச் சொல்வேன். அப்படிக் கேட்டதற்கு ஒரு நிறுவனம் அடுத்த எண்ணைக் கொடுத்தது. அதுவும் அதே பட்டியலில் இருந்தது. அதற்கடுத்த எண்ணும் அப்படித்தான். முன்னால் இருந்தவன் அந்த வரிசை மொத்தத்தையும் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியிருக்கிறான். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறிடம் போனோம்.

சுத்தமான ஐபி கிடைத்தாலும் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே எண் வர வேண்டும். இதை ரிவர்ஸ் டிஎன்எஸ் என்போம். இது இல்லாத சர்வரை ஜிமெயில் ஏற்பதில்லை. பிறகு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று. எங்கள் டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள ஐபிகள் இவை என்று பகிரங்கமாக எழுதிவைப்பது எஸ்பிஎஃப். வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து டிகிம். இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரரே சொல்லிவைப்பது டிமார்க். இவற்றைப் போட்டுவிட்டால் இன்பாக்ஸ் உறுதி என்று சொல்லி விற்கிறார்கள். அனுப்பியது யார் என்பதை மட்டுமே இவை நிரூபிக்கும். ஸ்பேமரும் ஒழுங்காக மூன்றையும் போட்டுக்கொண்டுதான் வருகிறான்.

இன்று எனக்குத் தலைவலி தருவது பொதுப் பட்டியல்களைவிட, பெரிய நிறுவனங்கள் தமக்குள் வைத்திருக்கும் கணக்கு. பொதுப் பட்டியல் காரணம் சொல்லும், கதவு எங்கே என்று காட்டும். ஜிமெயிலில் பல சமயம் 550 எதுவும் வராது. மெயிலை வாங்கிக்கொண்டு ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடும். கொட்டேஷன் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார், பெற வேண்டியவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் சில விதிகளை வெளிப்படையாக வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். மெயிலைப் பெற்றவர்கள் ஸ்பேம் என்று புகார் சொல்லும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே இருப்பது நல்லது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக்குக்கு அதே மாதிரி கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 0.3 என்றால் ஆயிரம் பேரில் மூன்று பேர். எரிச்சலில் மூன்று பேர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், மீதி 997 பேருக்குப் போவதும் ஆட்டம் காணும். இந்தக் கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை கூகிளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். நான் கேட்ட கம்பெனிகளில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெயரைக் கெடுத்துக்கொள்ளச் சுருக்கு வழி, டேட்டா வாங்குவது. 'ஐரோப்பிய கார்மெண்ட் பையர்கள் ஐம்பதாயிரம் பேர்' என்று எக்செல் ஷீட் விற்கிறார்கள். விலையும் சொற்பம். அதற்குள் பொறிகள் இருக்கும். மனிதர் யாரும் பயன்படுத்தாத முகவரிகளை வலைப்பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பார்கள்; முகவரி பொறுக்கும் மென்பொருளுக்கு மட்டும் அது தெரியும். அதற்கு மெயில் வந்தால், அனுப்பியவர் டேட்டா வாங்கியவர் என்பதில் சந்தேகமே இல்லை. இன்னொரு ரகம், என்றோ ஒருவர் விட்டுப்போன முகவரி. அதைக் கொஞ்ச காலம் 'ஆள் இல்லை' என்று திருப்ப விட்டு, பிறகு சத்தமில்லாமல் உயிர்கொடுத்து வைப்பார்கள். திரும்பி வந்த முகவரிகளை நீக்காதவர் அதில் விழுவார். ஐகேஎஃப் பின்னலாடைக் கண்காட்சியில் பத்து வருடத்துக்கு முன் சேர்த்த விசிட்டிங் கார்டுகளை அப்படியே வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இந்த இரண்டாவது பொறிதான் ஆபத்து.

தீபாவளி நெருங்கினால் எனக்குப் பயம் வந்துவிடும். வருடம் முழுக்க நாளொன்றுக்கு இருநூறு மெயில் அனுப்பும் சர்வர், ஒரே காலையில் பன்னிரண்டாயிரம் வாழ்த்து அனுப்ப வேண்டும் என்பார்கள். திடீரென்று அளவு அறுபது மடங்கானால், மறுமுனையில் இருப்பவருக்கு அது வாழ்த்தா, பாஸ்வேர்டு திருட்டா என்று தெரியாது. பேக்கிங் லிஸ்ட் திரும்பிய அந்தத் திருப்பூர் முதலாளியும் கேட்டார். "எல்லா கான்டாக்டுக்கும் ஒரு வாழ்த்து போட்டு உட்டுருங்க அம்மிணி."

இரண்டு வருடத்துக்குள் நம்மோடு மெயிலில் பேசியவர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பட்டியல் சரிபாதிக்கும் கீழே வந்தது. வாழ்த்துக்கென்று தனி சப்டொமைன், தனி ஐபி. ஏதாவது ஆனாலும் இன்வாய்ஸ் போகிற பாதை கெடக் கூடாது. முதல் நாள் நூறு, அடுத்த நாள் இருநூறு என்று படிப்படியாகக் கூட்டிப் பத்து நாளில் முடிப்பது. எல்லாருக்கும் ஒரே நாளில் போகாது என்பதில் அவருக்கு வருத்தம்தான், என்றாலும் ஒத்துக்கொண்டார். கடைசியாக, மெயிலின் அடியில் அன்சப்ஸ்கிரைப் வைக்க வேண்டும் என்றேன்.

"தீபாவளி வாழ்த்து வேண்டாம்னு யாருங்க சொல்லுவாங்க?"

"சொல்லணும்னு நெனைக்கறவங்களுக்கு அந்த பட்டன் கெடைக்கலீன்னா, மேல இருக்கற ஸ்பேம் பட்டனை அழுத்துவாங்கங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, வைங்க. ஆனா எழுத்தைச் சின்னதா வைங்க."